காட்டுப்பாதைக்கு ஒரு சைக்கிள்: குறைந்த பட்ஜெட்டில் மவுண்டன் பைக் வாங்க முழுமையான வழிகாட்டி

சைக்கிள் கடையில் அதிகம் காதில் விழும் கேள்விகள் இரண்டு. "எத்தனை கியர்?" "டபுள் சஸ்பென்ஷனா, சிங்கிளா?" மண்பாதையில் ஓட்டப்போகிறவர் இந்த இரண்டையும் கடைசியில் கேட்டால் போதும். 21 கியர் வண்டி ஏறும் அதே மேட்டை 9 கியர் வண்டியும் ஏறும். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த பதினைந்தாயிரம் ரூபாய் வண்டியோ, கற்பாதையில் ஓட்டுபவரைத் தூக்கித் தூக்கிப் போடும்.

பணம் குறைவாக இருக்கும்போது, பின்னாளில் மாற்ற முடியாத பாகத்துக்கு முதலில் செலவழிக்க வேண்டும். அந்தப் பாகம் ஃப்ரேம். அதன் அளவு, அதன் கோணம், அதில் என்னென்ன பொருத்த முடியும் என்பதெல்லாம் பில் போட்ட அன்றே முடிவாகிவிடுகிறது. டயர், பிரேக், கியர், சீட் எல்லாவற்றையும் அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். கீழே உள்ள படிகள் இந்தக் கணக்கை வைத்தே வரிசைப்படுத்தப்பட்டவை.

படி 1: எந்தப் பாதையில் ஓட்டப்போகிறீர்கள்?

ஏரிக்கரை, கண்மாய்க் கரை, வண்டித்தடம், தேயிலைத் தோட்டத்து மண்சாலை ஆகியவை ஒரு வகை. அகலமானவை, பெரும்பாலும் மட்டமானவை. மலையடிவாரத்து ஆட்டுத்தடங்கள் வேறு வகை. ஓராள் அகலம்தான் இருக்கும். காலடியில் உருளும் சரளை, மழைநீர் அறுத்த பள்ளம், குறுக்கே வேர், படி போல இறங்கும் பாறை எல்லாம் வரும். முதல் வகைக்கு, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, அதாவது ஹார்டுடெயில் எனப்படும் சைக்கிளில் சுமாரான ஒன்றே போதும். இரண்டாம் வகைக்கும் ஹார்டுடெயில்தான், ஆனால் தேர்வில் கவனம் கூட வேண்டும்.

பெரிய பிராண்டுகள் பலவும் கையேட்டிலோ ஃப்ரேம் ஸ்டிக்கரிலோ ஒரு பயன்பாட்டு எண் தருகின்றன. ஏஎஸ்டிஎம் எஃப்2043 என்ற அமெரிக்கத் தரநிலையை ஒட்டிய எண் அது. 1 என்றால் தார்ச்சாலை மட்டும். 2 என்றால் சரளைச் சாலையும் 15 செ.மீ. வரையிலான இறக்கமும். 3 என்றால் கரடுமுரடான தடம், 61 செ.மீ. வரை துள்ளல். 4 என்றால் 122 செ.மீ. வரை. மவுண்டன் பைக்கின் ஆங்கிலச் சுருக்கமான "எம்டிபி" என்று பெரிய எழுத்தில் அச்சடித்த மலிவு வண்டிகள் பல 2-ஆம் வகைக்கே உரியவை, சிலவற்றில் எந்த எண்ணுமே இருக்காது. ஆட்டுத்தடத்தில் ஓட்டுவதென்றால் 3 இருக்கிறதா என்று கேளுங்கள். ஃப்ரேம் வாரண்டிக்குப் போய் நிற்கும் நாளில் இந்த எண்தான் பேசும்.

இன்னொன்று, சைக்கிளோடு நேரடித் தொடர்பில்லாதது. தமிழ்நாட்டில் நல்ல தடங்கள் பல காப்புக்காட்டுக்குள் போகின்றன. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே நுழைவது குற்றம். புலிகள் காப்பகம் என்றால் கேட்கவே வேண்டாம். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் சத்தமில்லாமல் வேகமாக வளைவு திரும்பும் சைக்கிள், நடந்து போவதைவிட ஆபத்தானது. உள்ளூர் சைக்கிள் குழுக்களிடம் எந்தத் தடம் திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

படி 2: பட்ஜெட்டைப் பிரியுங்கள்

கையில் 30,000 ரூபாய் இருந்தால் சைக்கிளுக்கு 25,000 என்று வையுங்கள். மீதி ஹெல்மெட்டுக்கும், கைப்பம்புக்கும், மாற்று டியூபுக்கும், அலன் கீ செட்டுக்கும், கையுறைக்கும் போகும். ஹெல்மெட்டில் ஈஎன் 1078 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் பத்தே நிமிடத்தில் கழற்றிவிடுவீர்கள்.

விலை வரம்புகளை ஏறத்தாழத்தான் சொல்ல முடியும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது; பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள்.

15,000 ரூபாய்க்குக் கீழே புதிதாக டிரெயில் சைக்கிள், அதாவது காட்டுத்தடத்துக்கான சைக்கிள், என்று ஒன்று கிடையாது. இந்த விலையில் கிடைப்பது மவுண்டன் பைக் தோற்றம் கொண்ட ஊர்ச் சைக்கிள். பள்ளிக்கும் கடைக்கும் நன்றாகவே ஓடும், காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். 15 முதல் 25 ஆயிரத்துக்குள் அலுமினிய ஃப்ரேம், சாதாரண ஸ்பிரிங் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், ஷிமானோ நிறுவனத்தின் தொடக்க நிலைக் கியரான டூர்னி கிடைக்கும். ஏரிக்கரைக்கும் வண்டித்தடத்துக்கும் இது போதும். 25 முதல் 40 ஆயிரம் வரைதான் உண்மையான பட்ஜெட் டிரெயில் சைக்கிள்களின் இடம். டெக்கத்லானின் ராக்ரைடர், ஹீரோ நிறுவனம் 2015-இல் வாங்கிய ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றில் நல்ல மாடல்களை இங்கே தேடலாம். அதற்கு மேல் 70 ஆயிரம் வரை போனால் டிரெக் மார்லின், ஜயண்ட், மெரிடா, ஸ்காட் ஆகியவற்றின் ஆரம்ப மாடல்கள் வரும். அங்கே நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஃப்ரேமுக்குப் போகிறது, அது வீண் செலவல்ல.

மூன்று வகை வண்டிகளைப் பார்த்தவுடனே கடந்துவிடலாம்.

ஒன்று, மலிவு டபுள் சஸ்பென்ஷன். நல்ல முழு சஸ்பென்ஷன் வண்டியில் பின்சக்கரத்தின் அசைவை எண்ணெய் டேம்பர் கட்டுப்படுத்தும், இணைப்புகளில் பேரிங் இருக்கும். அந்த இரண்டின் விலையே உங்கள் முழு பட்ஜெட்டைத் தாண்டும். மலிவு வண்டியில் ஒரு வெறும் ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக் புஷ்ஷும்தான். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் விழுங்கும், சில மாதங்களில் பின்பக்கம் ஆடத் தொடங்கும், எடை 18 கிலோவைத் தொடும்.

இரண்டு, நான்கு அங்குல டயர் கொண்ட ஃபேட் பைக். மணலுக்கும் பனிக்கும் பிறந்த வடிவம் அது. இரும்பு ஃப்ரேமில் செய்த மலிவுப் பதிப்பை மேட்டில் மிதித்துப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை கேட்பதில்லை. மூன்று, கார் கம்பெனி லோகோ ஒட்டிய, மூன்றே கை உள்ள மேக் வீல் போட்ட மடிப்பு சைக்கிள். ஃப்ரேமின் நடுவில் கீல் வைத்த வண்டி பாறையில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

படி 3: உங்கள் அளவு

"வளர்ற பையன், பெரிசாவே எடுத்துடலாம்" என்று வாங்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஊர்ச் சைக்கிளில் அது செல்லும். தடத்தில் திடீரென்று கால் ஊன்ற வேண்டி வரும்போது மேல்கம்பி எங்கே இடிக்கும் என்று யோசித்தால், ஏன் செல்லாது என்பது புரியும்.

சுவரில் முதுகைச் சாய்த்து, செருப்பில்லாமல் நின்று, கால்களுக்கு இடையே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சீட் போல மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். இதுதான் உங்கள் கால் உள்ளளவு. ஷூவோடு சைக்கிளின் மேல்கம்பியைக் கடந்து நின்றால் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதே அளவை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். 78 செ.மீ. கால் என்றால் 69 செ.மீ. ஏற்றத்துக்கான உயரம் இது. செங்குத்தாக இறங்கும்போது சீட்டைச் சில செ.மீ. தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்பாதீர்கள், ஒரு பிராண்டின் எம் இன்னொன்றின் எஸ். ஒவ்வொரு பிராண்டும் தன் தளத்தில் உயரத்துக்கான அட்டவணை வைத்திருக்கிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருந்தால் தடத்துக்குச் சிறியதை எடுங்கள், திருப்ப எளிது. ஒரே அளவு ஃப்ரேமை மட்டும் செய்து "5 அடி முதல் 6 அடி வரை எல்லோருக்கும் பொருந்தும்" என்று விற்கும் மாடலை ஒதுக்கிவிடலாம்.

படி 4: ஃப்ரேமைப் படியுங்கள்

வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான், நிதானமாகப் பாருங்கள்.

முதலில் ஹெட் டியூப், அதாவது ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க்கின் தண்டு நுழையும் குழாய். மேலும் கீழும் ஒரே விட்டமாக ஒல்லியாக இருந்தால் அது 28.6 மி.மீ. நேர்த்தண்டு ஃபோர்க்குக்கு மட்டும் ஆனது. கீழே பருத்திருந்தால் 1.5 அங்குலம் வரை விரியும் டேப்பர்டு ஃபோர்க்கை ஏற்கும். நேராக இருந்தாலும் 44 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாய் என்றால் வெளிக்கப் வைத்து டேப்பர்டு பொருத்த முடியும். இன்று சந்தையில் உள்ள, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் இயங்கும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை டேப்பர்டு தண்டோடுதான் வருகின்றன. ஒல்லிக் குழாய் ஃப்ரேமை வாங்கினால், மூன்று வருடம் கழித்து ஃபோர்க் மாற்ற ஆசை வரும்போது கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார்.

அடுத்து டிஸ்க் பிரேக் மாட்டும் காதுகள். இப்போது ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் வி-பிரேக் போட்ட வண்டியை வாங்குவதாக இருந்தாலும், ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் காதுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்கியர் மாட்டும் ஹேங்கர் தனியாக ஸ்க்ரூ போட்ட துண்டாக இருக்க வேண்டும். பாறையில் இடித்தால் அது வளைந்து ஃப்ரேமைக் காப்பாற்றும். அந்த மாடலின் ஹேங்கர் ஒன்றை வாங்கும் அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள். ஹேங்கர்கள் மாடலுக்கு மாடல் மாறுபவை, பின்னால் தேடினால் எளிதில் அகப்படாது.

கோணம் பற்றி ஒரு சொல். ஹெட் டியூப் தரையோடு செய்யும் கோணம் 70, 71 டிகிரி என்றால் வண்டி சட்டென்று திரும்பும், ஏற்றத்தில் நன்றாக இருக்கும். இறக்கத்தில் ஓட்டுபவர் முன்சக்கரத்தின் மேலேயே தொங்குவது போலத் தோன்றும். 66 முதல் 68 வரை உள்ளவை இறக்கத்தில் நம்பிக்கை தரும். பட்ஜெட் வண்டிகளில் 69-ஐக் கடக்காதது கிடைத்தால் விடாதீர்கள். கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம் 80, 90 மி.மீ. நீளமாக இருந்தால் கவலை வேண்டாம், குறைந்த செலவில் 50 அல்லது 60-க்கு மாற்றிக்கொள்ளலாம். ஹேண்டில்பார் 720 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

படி 5: ஃபோர்க்

ஃபோர்க்குக்குள் இரண்டு வேலை நடக்க வேண்டும். அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கிய ஸ்பிரிங் துள்ளித் திரும்பாமல் மெதுவாக விடுவது டேம்பர். மலிவு ஃபோர்க்கில் முதல் வேலைக்கு மட்டும்தான் ஆள். கடையில் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, உடல் எடையோடு ஹேண்டில்பாரை அழுத்தி விட்டுப் பாருங்கள். மேலே வரும்போது டக்கென்று தட்டினால் டேம்பர் பெயருக்குத்தான்.

எஸ்ஆர் சன்டூர் ஃபோர்க்குகள்தான் இந்த விலையில் எங்கும் இருக்கும். ஏறுவரிசையில் எக்ஸ்சிஈ, எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம், எக்ஸ்சிஆர். முதல் இரண்டும் வண்டித்தடத்துக்கு. எக்ஸ்சிஎம் சுமார். எக்ஸ்சிஆரின் காற்று வகையோ ராக்‌ஷாக்ஸ் ஜூடியோ கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். காற்று ஃபோர்க்கில் உங்கள் எடைக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்ற முடியும். நீங்கள் ஏறி நின்றாலே பயணத்தூரத்தில், அதாவது ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்த நீளத்தில், 20 முதல் 25 சதவீதம் அமுங்கும்படி வைக்க வேண்டும். 100 மி.மீ. ஃபோர்க் என்றால் 20 முதல் 25 மி.மீ. ஸ்பிரிங் ஃபோர்க்கில் இந்த வசதி கிடையாது. மேலே இருக்கும் பிரீலோடு திருகு ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றுவதில்லை, தொடக்க அழுத்தத்தை மட்டுமே மாற்றுகிறது. 55 கிலோவுக்குக் கீழே உள்ள பலருக்கு மலிவு ஸ்பிரிங் ஃபோர்க் அசையவே அசையாது; இரண்டரைக் கிலோ இரும்பைச் சும்மா சுமப்பார்கள்.

அதனால் என் கருத்து கொஞ்சம் மாறுபடும். 25,000-க்குக் கீழேதான் முடியும் என்றால், கெட்ட சஸ்பென்ஷன் ஃபோர்க்கைவிட சஸ்பென்ஷனே இல்லாத ஃபோர்க்கும் அகலமான டயரும் மேல். எடை குறையும், கெட்டுப்போக எதுவும் இல்லை. இந்திய சந்தையில் அப்படிப்பட்ட வண்டிகள் குறைவு என்பதுதான் சிக்கல்.

பயணத்தூரம் 100 முதல் 120 மி.மீ. போதும். 100-க்காகச் செய்த ஃப்ரேமில் 140 போடாதீர்கள். 20 மி.மீ. கூடினாலே ஹெட் கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி சாயும், ஹெட் டியூப் இணைப்பில் பளு கூடும், வாரண்டியும் போகும்.

படி 6: பிரேக்

கேபிள் டிஸ்க்கா, ஹைட்ராலிக் டிஸ்க்கா என்று கேட்டால், பணம் இருந்தால் ஹைட்ராலிக். ஒரே விரலில் நிற்கும், நீண்ட இறக்கத்தில் கை மரத்துப்போகாது. ஷிமானோ எம்டி200, டெக்ட்ரோவின் ஆரம்ப ஹைட்ராலிக் மாடல்கள் எல்லாம் தாராளமாகப் போதும். இவை இரண்டும் மினரல் ஆயில் வகை. மோட்டார் பைக் மெக்கானிக் கையில் கிடைக்கும் டாட் ஃப்ளூயிட் என்ற பிரேக் திரவத்தை இவற்றில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் வீங்கிக் கெட்டுவிடும்.

கேபிள் டிஸ்க்கைக் குறைத்துச் சொல்லவில்லை. எந்த ஊரிலும் கேபிள் கிடைக்கும், வழியில் நீங்களே மாற்றலாம். மலிவு கேபிள் டிஸ்க்கில் ஒரு பக்கத்துப் பேட் (டிஸ்க்கை அழுத்தும் பிரேக் கட்டை) மட்டும்தான் நகரும் என்பதால், தேயத் தேய மறுபக்கத்துப் பேடைத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இந்த வேலை பழகிவிட்டால் பாதகமில்லை. பெயரே இல்லாத காலிப்பர் (பேட்களைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) மட்டும் வேண்டாம்; மாற்றுப் பேட் கிடைக்காது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது போன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் டிஸ்க் கொதிக்கும், ரெசின் பேட் மினுங்கிப்போய் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விட்டு, இப்படி மாறி மாறி ஓட்டுங்கள். டிஸ்க்கில் "ரெசின் பேட் மட்டும்" என்ற பொருளில் எழுத்து பொறித்திருந்தால் மெட்டல் பேட் போடக் கூடாது.

எந்தக் கை எந்தப் பிரேக் என்பதையும் கடையிலேயே பாருங்கள். வெளிநாட்டு மாடல்கள் சிலவற்றில் இடக்கையில் முன்பிரேக் வரும். மோட்டார் பைக் ஓட்டிப் பழகிய வலக்கை அவசரத்தில் பின்பிரேக்கைத்தான் பிடிக்கும்.

படி 7: கியர்

முன்னால் 3, பின்னால் 7, மொத்தம் 21 என்ற எண்ணில் பல ஒன்றுக்கொன்று சமமானவை. மேடு ஏற உதவுவது மிகக் குறைந்த கியர் ஒன்றுதான். முன்பல் எண்ணிக்கையைப் பின்பல் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். முன்னால் சிறிய வளையம் 24, பின்னால் பெரியது 34 என்றால் 0.71. 9 கியர் வண்டியில் முன்னால் ஒற்றை வளையம் 32, பின்னால் 46 என்றால் 0.70. ஆக 9 கியர் வண்டியும் 21 கியர் வண்டியும் ஏறும் மேடு ஒன்றே. 29 அங்குலச் சக்கரத்தில் இந்தக் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறு கி.மீ.க்குச் சற்றுக் குறைவாகப் போகலாம்; உட்கார்ந்தபடியே ஏற அது சரியான வேகம். விகிதம் 1-ஐத் தொட்டால் அதே மிதிக்கு எட்டு கி.மீ.க்கு மேல் போயாக வேண்டும், பாதி மேட்டில் இறங்கித் தள்ளுவீர்கள்.

ஒற்றை வளையத்துக்குக் கூடுதலாக இரண்டு ஆதாயங்கள்: முன்கியர் மாற்றும் கருவியே இல்லாததால் கெடுவதற்கு ஒன்று குறைவு, செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் உள்ள பின்கியர் மாற்றும் கருவி கிடைத்தால் பாறையில் செயின் அடிப்பதும் கழல்வதும் குறையும். மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட், ஷிமானோ கியூஸ், டியோர் ஆகியவற்றின் மாடல்கள் சிலவற்றில் இது உண்டு. மூன்று வளைய டூர்னி, ஆல்டஸ் என்றாலும் ஓட்டலாம், மோசமில்லை.

கியர் எண்ணிக்கையைவிட முக்கியமானது, பின்பல் கொத்து எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பது. பழைய முறையான ஃப்ரீவீலில் கொத்து முழுவதும் ஹப்பில் திருகியிருக்கும். வலப்பக்கத்து பேரிங் வெகு உள்ளே தள்ளி இருப்பதால் தாங்கலில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்ஸில், துள்ளி இறங்கும்போது வளையும், ஒருநாள் ஒடியும். காசெட் முறையில் பேரிங் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. அடையாளம் எளிது: மிகச் சிறிய பல்வட்டத்தில் 14 பல் இருந்தால் பெரும்பாலும் ஃப்ரீவீல், 11 இருந்தால் பெரும்பாலும் காசெட். ஆட்டுத்தடத்துக்குக் காசெட் கட்டாயம் என்பேன்.

படி 8: சக்கரம், டயர், முள்

26, 27.5, 29 என்ற சண்டையில் பட்ஜெட் வாசகர் நேரத்தை வீணாக்க வேண்டாம். உயரம் 160 செ.மீ.க்குக் கீழே என்றால் 27.5, மேலே என்றால் 29 பாறைகளை எளிதாகத் தாண்டும். 26 அங்குலத்தில் நல்ல டிரெயில் டயர்கள் அருகிவருவதால் புதிதாக வாங்குபவர் அதைத் தவிர்க்கலாம். ரிம் இரட்டைச் சுவராக இருக்க வேண்டும்.

டயரில்தான் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் நடக்கும். அகலம் 2.2 முதல் 2.4 அங்குலம், பக்கவாட்டுக் கட்டைகள் உயரமாக உள்ள முன்டயர். வண்டியோடு வரும் டயர் வழுவழுப்பாக இருந்தால் முன்னால் மட்டுமாவது மாற்றுங்கள். காற்றழுத்தமும் கவனிக்க வேண்டும். டயரின் பக்கத்தில் அதிகபட்சம் 65 பிஎஸ்ஐ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துக் கடைக்காரர் 50, 60 அடித்துக் கொடுப்பார். அந்த அழுத்தத்தில் டயர் கல்லின்மேல் துள்ளும். 65, 70 கிலோ எடை உள்ளவர் டியூப் போட்ட 2.25 டயரில் 26 முதல் 32 வரை வைத்தால் போதும். அதற்கும் குறைத்தால் கல்லுக்கும் ரிமுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டை ஓட்டை விழும்.

மலிவு வண்டிகளில் வால்வு ஷ்ரேடர் வகை, மோட்டார் பைக்கில் இருக்கும் அதே வால்வு. பெட்ரோல் பங்கில் அடிக்கலாம், ஆனால் பங்க் கம்ப்ரசர் ஒரே மூச்சில் அளவைத் தாண்டிவிடும் என்பதால் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.

நம் மண்ணின் உண்மையான எதிரி பாறையில்லை, முள். நெருஞ்சியும் சீமைக் கருவேலமும் இல்லாத ஏரிக்கரையைக் காட்டுங்கள் பார்ப்போம். ரிமும் டயரும் டியூப்லெஸ் ரெடி என்று குறிக்கப்பட்டவையாக இருந்தால், டேப் ஒட்டி, ஓட்டையை அடைக்கும் திரவமான சீலண்டை ஊற்றி டியூபையே எடுத்துவிடலாம். நெருஞ்சி முள் குத்தினால் சீலண்ட் தானே அடைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு இல்லாத ரிம்மில் இதை முயலாதீர்கள். அதற்குப் பதிலாக, வால்வின் உள்ஊசியைக் கழற்றக்கூடிய டியூபில் சீலண்ட் ஊற்றுவது பாதித் தீர்வு. நம் வெயிலில் சீலண்ட் சீக்கிரம் காயும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். சீமைக் கருவேல முள்ளைப் பிடுங்காமல் ஓட்டினால் எந்த சீலண்டும் காப்பாற்றாது.

கரிசல் பகுதியினருக்கு ஒரு கூடுதல் சோதனை. டயருக்கும் ஃப்ரேமுக்கும் இடையே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். மழை பெய்த மறுநாள் கரிசல் மண் டயரில் ஏறி ஃபோர்க்கில் அடைத்தால் சக்கரம் சுற்றாது, சைக்கிளைத் தோளில் தூக்கித்தான் வர வேண்டும். எவ்வளவு இடைவெளி இருந்தாலும் அன்றைக்குப் போகாமல் இருப்பதே நல்லது, தடமும் கெடாது.

படி 9: கடையில் செய்ய வேண்டியவை

உங்கள் ஷூவோடு போங்கள், சீட்டை உங்கள் உயரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹெட்செட்டில், அதாவது ஹெட் டியூபின் பேரிங்குகளில், ஆட்டம் தெரியக் கூடாது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம் பக்கவாட்டில் எவ்வளவு நடனமாடுகிறது என்று பாருங்கள். கோட்டம் எடுக்காமல் கொடுத்தால் ஏற்காதீர்கள். கிராங்கை (பெடல் மாட்டும் கையை) இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். எல்லாக் கியரையும் ஓட்டியபடியே மாற்றிப் பாருங்கள், ஸ்டாண்டில் வைத்துச் சுற்றிக் காட்டுவது போதாது. முடிந்தால் ஒரு நடைபாதை விளிம்பில் மெதுவாக இறங்கிப் பாருங்கள். எந்த வண்டி சத்தம் போடுகிறது என்று அங்கே தெரியும்.

மெக்கானிக் யார், பிரேக் ப்ளீடிங் (ஹைட்ராலிக் பிரேக்கிலிருந்து காற்றுக் குமிழியை எடுக்கும் வேலை) இங்கேயே செய்வாரா, முதல் சர்வீஸ் இலவசமா என்று கேளுங்கள். தூரத்துக் கடையில் இரண்டாயிரம் குறைவு என்றால், பக்கத்துக் கடையின் நல்ல மெக்கானிக்கை யோசித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

படி 10: பழைய வண்டி

குறைந்த பணத்தில் நல்ல ஃப்ரேம் வேண்டுமென்றால் பழைய சந்தைதான் சிறந்த இடம். ஊரடங்கு ஆண்டுகளில் ஆசையாக வாங்கிய நல்ல சைக்கிள்கள் பல இன்னும் பால்கனிகளில் தூசி படிந்து நிற்கின்றன. 60 ஆயிரத்துக்கு வாங்கியது பாதி விலைக்கே வரும்.

பில் கேளுங்கள். பெடல் கைகள் சுழலும் நடு அச்சுக் கூட்டின் அடியில் பொறித்த சீரியல் எண்ணைப் பில்லோடு ஒப்பிடுங்கள். ஹெட் டியூபும் கீழ்க்கம்பியும் சேரும் வெல்டிங்கை விரலால் தடவி, டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழை வெடிப்போ சுருக்கமோ இருந்தால் பேரமே வேண்டாம். ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் நகம் சிக்கும் கீறல் இருந்தால் ஃபோர்க் விலையைக் கழித்துப் பேசுங்கள். செயினுக்கு ஒரு இரும்பு ஸ்கேல் போதும். செயினைக் கோத்திருக்கும் ஒரு பின்னின் நடுவிலிருந்து 12 முழு இணைப்புகள் (ஒரு உள்தகட்டு இணைப்பும் ஒரு வெளித்தகட்டு இணைப்பும் சேர்ந்தது ஒன்று) சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 1/8 கூடியிருந்தால் காசெட்டும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

படி 11: வீட்டுக்கு வந்த பிறகு

ஆன்லைனில் வாங்கிய வண்டி பெட்டியில் பாதி பூட்டப்படாமல் வரும். இடப்பெடலின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும், வலுக்கட்டாயமாகத் திருகினால் கிராங்க் கெடும். ஃபோர்க் பின்பக்கம் பார்த்தபடி மாட்டிய வண்டிகள் தெருவில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. முன் டிஸ்க் காலிப்பர் இடக்கைப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சீட் தண்டில் கிரீஸ் தடவுங்கள்.

தடத்துக்குப் போகுமுன் புது டிஸ்க் பிரேக்கைப் பழக்க வேண்டும். காலியான சாலையில் வேகம் எடுத்து, நிற்காமல் நடை வேகத்துக்கு வரும்வரை அழுத்துங்கள். இப்படி இருபது முறை. முதல் நூறு கி.மீ.க்குள் கேபிள்கள் தளரும், ஸ்போக் இறுக்கம் இறங்கும், கிராங்க் போல்ட் இளகும். அப்போதுதான் அந்த இலவச சர்வீஸைப் பயன்படுத்த வேண்டும், அதற்கு முன்னால் வீணாக்காதீர்கள்.

மேம்படுத்த ஆசை வரும்போது முதலில் டயர், பிறகு முட்கள் உள்ள அகலமான பெடலும் கிரிப்பும், பிறகு பிரேக் பேட், முன்னால் 180 மி.மீ. டிஸ்க் (ஃபோர்க் அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு). விரலசைவில் சீட்டை இறக்கும் டிராப்பர் போஸ்ட் வாங்குவதென்றால் இப்போதுள்ள சீட் தண்டின் விட்டத்தைப் பாருங்கள். 30.9, 31.6 மி.மீ. என்றால் தேர்வு நிறைய, 27.2 என்றால் குறைவு. ஃபோர்க் கடைசி. நீங்கள் விரும்பும் ஃபோர்க்கின் விலை சைக்கிளின் இன்றைய விற்பனை மதிப்பில் பாதியைத் தாண்டினால், அந்தப் பணத்தை ஃபோர்க்கில் போடாமல், இருக்கும் வண்டியை விற்றுவிட்டு அடுத்த நிலை வண்டிக்குப் போவதே லாபம்.